ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும் ஆட்டம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இடைநிலைப்பள்ளிகளில் சதுரங்கத்தை வளர்ப்பது பற்றி இரண்டொரு வார்த்தை பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். தமிழ்ப்பள்ளி விழாவில் இடைநிலைப்பள்ளியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சற்று முன் சதுரங்கத்தில் வென்ற ஆறு பிள்ளைகள் மேடையேறிக் கேடயம் வாங்கினார்கள். நாமெல்லாம் கை தட்டினோம். அந்த ஆறு பேரில் நான்கு பேர் ஆறாம் ஆண்டு மாணவர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் இந்தப் பள்ளியில் இருக்கமாட்டார்கள். இன்னும் இரண்டு ஆண்டு கழித்து அந்த நால்வரில் எத்தனை பேர் பலகையின் முன் உட்கார்ந்திருப்பார்கள்? என் அனுபவத்தைச் சொல்கிறேன். நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒருவர் இருப்பார். சில ஆண்டுகளில் அந்த ஒருவரும் இருந்ததில்லை.

பிள்ளைகளுக்குத் திறமை போய்விடுவதில்லை. ஆட்டத்தில் ஆசையும் போய்விடுவதில்லை. பின் ஏன் நின்றுபோகிறது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் காரணம் வயது. நம் நாட்டில் பள்ளிகளுக்கிடையிலான சதுரங்கப் போட்டி மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படியாக நடக்கிறது. வயதுப் பிரிவும் மூன்று: 12 வயதுக்குக் கீழ், 15 வயதுக்குக் கீழ், 18 வயதுக்குக் கீழ். ஆறாம் ஆண்டுப் பிள்ளை முதல் பிரிவில் மூத்த பிள்ளை. நன்றாக ஆடினால் மாவட்டத்தில் பெயர் வாங்குவான். அடுத்த ஜனவரி பிறந்ததும் அதே பிள்ளை இரண்டாவது பிரிவில் எல்லாரிலும் சின்னவன். எதிரே மூன்றாம் படிவத்து மாணவன், மீசை அரும்பியவன், உட்கார்ந்திருப்பான். நேற்றுவரை கேடயம் வாங்கியவன் இன்று ஐந்து ஆட்டத்தில் நான்கைத் தோற்கிறான். "எனக்கு இது வராதுபோல" என்று அவனே முடிவு கட்டிக்கொள்கிறான். உனக்கு வராமல் போகவில்லையப்பா, உன் எதிரி உன்னைவிட இரண்டு வயது மூத்தவன், அவ்வளவுதான் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பல பள்ளிகளில் இல்லை.

இரண்டாவது காரணத்தில் என் பங்கும் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் இளம் ஆசிரியராக இருந்தபோது ஒரு பள்ளியில் சதுரங்கக் கழகத்தை என் தலையில் கட்டினார்கள். எனக்கு ஆடத் தெரியும் என்பதால் அல்ல. ஓட்டப்பந்தயத்துக்கும் பந்துக்கும் நான் உதவமாட்டேன் என்பதால். முதல் ஆண்டு ஏறக்குறைய முப்பது பிள்ளைகள் வந்தார்கள். மாவட்டப் போட்டிக்கு நல்ல ஆட்டக்காரர்கள் நால்வரைப் பொறுக்கி எடுத்தேன். பெட்டி இருந்ததோ மூன்று. அந்த மூன்றையும் அந்த நால்வருக்கே கொடுத்தேன். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க எத்தனை வாரம் வருவார்கள்? ஒரு பையன் தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்கு வந்தவன். தான் வாங்கிய நற்சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினான். "நல்லா இருக்குப்பா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றேன். அடுத்த வாரமும் வந்தான். கதவோரமாக நின்றான். அதற்கடுத்த வாரமும் வந்தான். பள்ளி விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. நானும் தேடவில்லை.

அந்த ஆண்டு எங்கள் நால்வரும் மாவட்டத்தில் நன்றாகவே ஆடினார்கள். பள்ளிச் சபைகூடலில் என்னையும் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு நால்வரில் மூவர் ஐந்தாம் படிவத் தேர்வு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கழகத்தில் ஆள் இல்லை. பதக்கம் வராத கழகம் எதற்கு என்று கேட்டார்கள். பெட்டிகள் அலமாரிக்குள் போயின. சாவி யாரிடம் போனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பல வருஷம் கழித்து ஒரு பட்டறையில் என் காரைப் பழுது பார்க்க விட்டிருந்தேன். "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் கையைத் துடைத்தபடி வந்தார். கதவோரம் நின்ற அதே பையன். இப்போதும் ஆடுகிறாராம், ராத்திரியில் போனில். நல்ல ஆட்டம்தான், காட்டினார். பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னிக்கு ஒரு போர்டு குடுத்திருந்தீங்கன்னா நான் ஓரமா உக்காந்திருப்பேன் சார்." குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான், காலம் கடந்து, கழகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். கழகம் நடப்பது கெட்டிக்கார நால்வரால் அல்ல. தோற்றுத் தோற்றும் அடுத்த வாரம் வருகிற இருபத்தைந்து பேரால்தான் நடக்கிறது. அவர்கள் இருந்தால் நால்வர் தானாகக் கிடைப்பார்கள்.

சரி, எப்படி நடத்துவது? இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நாள். மாறாத ஒரு நாள் வேண்டும். பல பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கை புதன்கிழமை பிற்பகலில் நடக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் பலர் பள்ளி வேனில் வருகிறவர்கள். வேன் புறப்பட்டால் அவர்களும் புறப்பட வேண்டும். சிலருக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கையில் காசிருக்காது. இதையெல்லாம் பிள்ளை வாய்விட்டுச் சொல்லமாட்டான். "ஆசையில்லை சார்" என்பான். நாமும் நம்பிவிடுவோம். நான் கண்ட வழி ஓய்வு நேரம். இருபது நிமிடம் இருக்கும். பத்து நிமிடத்தில் பசியாறிவிட்டு வந்தால் மீதிப் பத்து நிமிடத்தில் பாதி ஆட்டம் ஆடலாம். மணி அடித்ததும் நிறுத்திவிட்டு, எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த நகர்வு யாருடையது என்று நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் அதைப் பார்த்து அடுக்கித் தொடர வேண்டும். பெரிய போட்டிகளிலேயே ஒரு காலத்தில் ஆட்டத்தை நிறுத்திவைத்து மறுநாள் தொடர்ந்தார்கள். இதில் இன்னொரு லாபமும் கண்டேன். கட்டங்களின் பெயரை எழுதும் முறையை நான் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நேற்றைய ஆட்டத்தைத் திரும்ப அடுக்க வேண்டுமே என்ற கவலையில் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

அடுத்து சாமான். பளபளக்கும் மரக்காய் வேண்டாம். சுருட்டி வைக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் கனமான பிளாஸ்டிக் காயும் போதும். இரண்டு பேருக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு. முப்பது பிள்ளைக்குப் பதினைந்து பெட்டி. ஒரே நாளில் வாங்க முடியாது. பெற்றோர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் ஆளுக்கொரு பெட்டி என்று கொடுத்தால் ஓராண்டில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு பெட்டியிலும் 32 காய் இருக்கிறதா என்று எண்ணிய பிறகே மூட வேண்டும். இதை ஆசிரியர் செய்யக்கூடாது. ஆடிய இருவரும் செய்ய வேண்டும். காலாள் ஒன்று தொலைந்தால் போத்தல் மூடியை வைத்து ஆடுங்கள். அதற்காகப் பெட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்டக் கடிகாரம் இரண்டு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அலமாரிச் சாவி ஆசிரியரிடம் ஒன்று, மாணவத் தலைவரிடம் ஒன்று. ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால் கழகம் நின்றுவிடக்கூடாது.

பிறகு மொழி. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் வீடுகளில் மூலையில் நிற்கும் காயைச் சிலர் யானை என்பார்கள், சிலர் கோட்டை என்பார்கள். அரசனுக்கும் அரசிக்கும் பக்கத்தில் நிற்பவரை மந்திரி என்பார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாய் நண்பன் 'காஜா' என்பான். காஜா என்றால் யானைதானே என்று நம் பிள்ளை மூலையைப் பார்ப்பான். அவன் சொன்னதோ நம் மந்திரியை! அவன் 'மெந்திரி' என்றால் அது நம் அரசி. முதல் வாரம் இந்தக் குழப்பத்திலேயே போகும். ஆனால் மூலைக் காய்க்கு மலாயில் 'தீர்' என்றொரு பெயர் உண்டு. அது நம் 'தேர்' என்ற சொல்லிலிருந்து போனது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 'சாத்தூர்' என்ற ஆட்டத்தின் பெயரும் சதுரங்கம்தான். இதை நான் வகுப்பில் சொன்னபோது மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். புகுமுக வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. பலகைக்கு முன்னால் மொழி அதிகம் தேவைப்படுவதில்லை. ஓர் ஆட்டம் ஆடி முடித்தால் "இன்னொன்று?" என்று எந்த மொழியில் கேட்டாலும் புரிந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் பலருக்கு இடைநிலைப்பள்ளியின் முதல் நண்பன் இப்படித்தான் கிடைத்தான்.

இனிப் போட்டி. பள்ளிக்குள் போட்டி வைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, தோற்றவர் வெளியேறும் முறை. 32 பேர் சேர்ந்தால் முதல் சுற்று முடிந்ததும் 16 பேர் வீட்டுக்குப் போவார்கள். ஓர் ஆட்டத்துக்காக ஒரு சனிக்கிழமை! யார் அதிகம் ஆட வேண்டுமோ அவர்களைத்தான் முதலில் அனுப்பிவிடுகிறோம். எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும் என்றால் 30 பேருக்கு 435 ஆட்டம், ஓராண்டு போதாது. இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. சுவிஸ் முறை என்பார்கள். 1895இல் சூரிக் நகரில் முதலில் கையாண்டதால் அந்தப் பெயர். முதல் சுற்றில் வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி வைத்திருப்பவர்களைச் சேர்த்துவிட வேண்டும். ஒருமுறை ஆடிய இருவர் மறுமுறை சந்திக்கக்கூடாது. வெள்ளைக் காயும் கருப்புக் காயும் மாறி மாறி வர வேண்டும். ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவருக்கு ஆடாமலே ஒரு புள்ளி. அது ஒரே பிள்ளைக்கு இருமுறை போகக்கூடாது. இவ்வளவுதான் சட்டம். 32 பேருக்கு ஐந்து சுற்று போதும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஓர் ஆட்டம் அரை மணிக்குள் முடியும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் பரிசு கொடுத்துவிடலாம். கடைசியில் வந்த பிள்ளையும் ஐந்து ஆட்டம் ஆடியிருப்பான். தன்னைப் போன்றவர்களோடு ஆடியதால் ஒன்றாவது வெல்லும் வாய்ப்பும் அவனுக்கு இருந்திருக்கும்.

அந்த ஒரு வெற்றி இருக்கிறதே, அதற்காகத்தான் அவன் அடுத்த வாரம் வருவான்.

கணினி இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆளுக்கொரு அட்டையில் பெயர், யாரோடு ஆடினான், எந்த நிறம், எத்தனை புள்ளி என்று எழுதி மேசையில் அடுக்கினால் போதும். இந்த வேலைக்கு ஆட விருப்பமில்லாத, கணக்கில் கெட்டியான ஒரு மாணவியையோ மாணவனையோ பிடியுங்கள். எங்கள் கழகம் பிற்காலத்தில் ஓடியதே அப்படி ஒரு மாணவியால்தான். அவருக்குக் குதிரை எப்படிப் பாயும் என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அட்டைகளில் ஒரு பிழை இருக்காது. சண்டை வந்தால் தீர்ப்பும் அவரே. "தொட்டால் ஆட வேண்டும்" என்பதில்தான் பாதிச் சண்டை வரும். காயை நேராக வைக்கத் தொடுவதாக இருந்தால், தொடுவதற்கு முன்பே "சரிசெய்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. இந்த ஒரு சட்டத்தை முதல் நாளே கண்டிப்பாக்குங்கள். மற்றவை மெல்ல வரட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பள்ளிப் போட்டிகளில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் இரண்டாம் படிவம், மூன்றாம் படிவம் வரும்போது கழகத்தில் ஒரே ஒரு பெண் பிள்ளைதான் மிஞ்சியிருப்பாள். இருபது பையன்களுக்கு நடுவே தனியாக எத்தனை நாள் உட்காருவாள்? ஒருத்தியாகச் சேர்க்காதீர்கள், தோழியோடு இருவராகச் சேருங்கள். பெற்றோர்களே, "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்ற பேச்சை வீட்டில் பேசாதீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வர நேரமாகும் என்ற கவலை நியாயமானது. அதற்குத்தான் ஓய்வு நேர ஆட்டத்தைச் சொன்னேன்.

சதுரங்கம் ஆடினால் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வருமா என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. நானும் ஒரு காலத்தில் வரும் என்று மேடைகளில் பேசியவன்தான். இங்கிலாந்தில் 100 தொடக்கப்பள்ளிகளை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். 2016இல் அறிக்கை வந்தது. சதுரங்கம் கற்ற பிள்ளைகளுக்கும் கற்காத பிள்ளைகளுக்கும் ஓராண்டு கழித்து வைத்த கணிதத் தேர்வில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே மருந்துக்கடைக்காரர் மாதிரி சதுரங்கத்தை விற்காதீர்கள். கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குத்தான் செய்ய வேண்டும். கணக்குக்காக ஆட விட்ட பெற்றோர், கணக்கில் புள்ளி குறைந்த அன்றைக்கே பலகையைப் பிடுங்கி வைக்கிறார்கள்; அதையும் கண்ணால் கண்டேன். உறுதியாகச் சொல்லக்கூடிய பயன் வேறொன்று உண்டு. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஆறடி உயரமும் ஓடுகிற காலும் இல்லாத பிள்ளைக்கு மாவட்டம், மாநிலம் என்று போக சதுரங்கம் ஒரு நல்ல பாதை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு குகேஷைத் தெரியும். 2024 டிசம்பர் 12ஆம் நாள், இதோ பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரில், 14ஆவது ஆட்டத்தில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக வெற்றியாளரானார். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்ணீரோடு காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது அந்த நாளைப் பற்றியல்ல, அதற்கு வெகுகாலம் முந்தியதைப் பற்றி. இந்தியாவில் அனைத்துலக மாஸ்டர் பட்டத்தை முதலில் பெற்றவர் மானுவல் ஆரோன், பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர், ஆண்டு 1961. முதல் கிராண்ட்மாஸ்டர் விசுவநாதன் ஆனந்த்; ஆண்டு 1988. இடையில் 27 ஆண்டு! அந்த 27 ஆண்டும் சென்னையில் என்ன நடந்தது? 1972இல் சோவியத் கலாசார நிலையத்தில் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார்கள். பெட்டி இருந்தது, புத்தகம் இருந்தது, சாயங்காலம் போனால் ஆட ஆள் இருந்தது. சிறுவன் ஆனந்துக்கு வீட்டில் ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். பிறகு அவர் போய் உட்கார்ந்தது அந்தக் கழகத்தில்தான். இன்று இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் 80 பேருக்கு மேல். அந்தக் கழகத்தில் பெயர் தெரியாத எத்தனையோ பேர் தோற்றுவிட்டு மறுநாளும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால் ஆனந்த் யாரோடு ஆடியிருப்பார்?

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய கடிகாரத்தில் எனக்குக் கொடி விழுவதற்குள் நான் கேட்டுக்கொள்ளும் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி நிர்வாகம் ஆறாம் ஆண்டில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் எந்தெந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். ஒரே பள்ளிக்குப் போகிறவர்களை ஒருவருக்கொருவர் தெரியப்படுத்த வேண்டும். பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே பெற்றோர் இருவராவது அந்த இடைநிலைப்பள்ளிக்குப் போய், சதுரங்கக் கழகம் உண்டா, பொறுப்பாசிரியர் யார், எந்த நாள் என்று கேட்க வேண்டும். சண்டை போடும் தோரணையில் போகாதீர்கள். கழகம் இல்லையென்றால் ஐந்து பெட்டியைக் கையில் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போனால் "பார்க்கலாம்" என்பார்கள். பெட்டியோடு போனால் எங்கே வைப்பது என்ற பேச்சாவது தொடங்கும். பொறுப்பாசிரியருக்கு ஆடத் தெரியவில்லை என்றாலும் பாதகமில்லை. சாவியும் நாளும் அவர் பொறுப்பு. ஆட்டத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இடைநிலைப்பள்ளியில் இப்போது படிக்கும் முன்னாள் மாணவர்கள் பின்வரிசையில் நிற்கிறீர்கள், பார்த்துவிட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பள்ளிக்கே வாருங்கள். மண்டபத்தைத் திறந்துவிடத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். மூன்றாம் படிவத்து அண்ணனிடம் இங்கே நான்குமுறை தோற்ற தம்பி, அங்கே போய் மிரளமாட்டான்.

நான் ஐந்து பெட்டி கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் இருக்கின்றன. விழா முடிந்ததும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்து, எந்தப் பள்ளிக்குப் போகிறீர்கள் என்று நோட்டில் எழுதிவிட்டு ஆளுக்கொரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம்.